கொழுந்துச் சாக்குக்கு ஒரு வளையம்

1. வகுப்பில் பாஸான சாக்கு

ஆரம்பப் பிரிவில் விஞ்ஞானம் சொல்லித்தரும் இளம் ஆசிரியர்கள், டிசைன் புரொஜெக்ட்டுக்கு என்ன தலைப்புக் கொடுப்பது என்று என்னிடம் கேட்பார்கள். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டுக்கு நான் தலைப்பே கொடுக்கவில்லை. வீட்டில் யாருக்கு என்ன கஷ்டமோ, அதற்கு ஒரு சாமான் செய்யுங்கள் என்றேன்.

தர்ஷினி உடனே எழுந்தாள்.

"எங்க அம்மாவுக்குக் கழுத்து வலி டீச்சர். கொழுந்துச் சாக்குக் கயித்தத் தலையில மாட்டி மாட்டி, இப்பத் திரும்பக்கூட முடியல. இப்பிடியே போனா வேலைய விட்டுருவேன்னு சொல்றாங்க."

அந்த வீட்டில் சம்பளம் வாங்குவது அம்மா மட்டும்தான்.

அவளுடைய குழு பழைய ஸ்கூல் பேக்கின் வார்களை வெட்டிச் சாக்கில் தைத்தது. பாரம் தலையிலிருந்து இரண்டு தோளுக்கு இறங்கியது. புத்தகங்களை நிரப்பி டெஸ்ட் பண்ணினோம். தையல் அசையவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹட்டனில் நடக்கும் விஞ்ஞானக் கண்காட்சிக்கு அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

2. மலையில் பெயிலான சாக்கு

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் தர்ஷினியின் அம்மா பள்ளிக்கூட வேலியோரத் தேயிலைக்கு வந்து சாக்கை மாட்டிப் பார்த்தார்.

"கழுத்துக்கு நல்லாத்தாங்க இருக்கு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே, கை நிறைந்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். பாதி தரையில் விழுந்தது. கொழுந்து எடுப்பவர்கள் திரும்பிப் பார்த்துப் போடுவதில்லை, கை தானாக வீசும். எங்கள் சாக்கோ முதுகில் கீழே இறங்கி, வாயை மூடிக்கொண்டிருந்தது.

நான் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நாங்க தூக்கித்தான் பாத்தோம் டீச்சர். கொழுந்து எடுத்துப் பாக்கலியே!"

அழவில்லை, சாக்குப்போக்குச் சொல்லவில்லை. குனிந்து, கொழுந்து எந்தப் பக்கம் அதிகமாகச் சிந்தியிருக்கிறது என்று பார்த்தாள். பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லித்தந்த டிசைன் பாடம் முழுவதும் அந்தக் குனிதலில் இருந்தது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது சாக்கின் வாயில் கறுப்புத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வளையமாக வளைத்துத் தைத்தார்கள். வார்களின் இடத்தை மாற்றி, சாக்கைத் தோள் உயரத்துக்கு ஏற்றினார்கள். அம்மா வீசிய கொழுந்து ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

கண்காட்சி வேலைநாளில் வந்தது. ஒருநாளுக்குச் சாக்கைத் தாருங்கள் என்று கேட்டதற்கு அம்மா மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் மேசையில் முதல் சாக்கு மட்டும், அதன் பிழையை எழுதிய அட்டையோடு கிடந்தது. நடுவராக வந்த அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது பிழையானதுன்னு நீங்களே சொல்றீங்க. சரியானது எங்க மகள்?"

"அது அம்மாவோட வேலைக்குப் போயிருக்கு சார்" என்றாள் தர்ஷினி.

பரிசு வேறு மேசைக்குப் போனது. நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் செய்த சாமானைக் கண்காட்சிக்குக் கேட்கும்போது வீட்டில் தர மறுத்தால், அந்தப் புரொஜெக்ட் பாஸ்.