அழித்த வரி

ஆண்டிமடம் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாக முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை உள்ளே வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குப் பழைய வாத்தியார் ஒருவர்மேல் கோபம்தான் வந்தது.

எழுபதுகளில், நாலாம் வகுப்பில், எங்கள் வாத்தியார் பாட்டெழுதச் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகையில் மயில், குயில், வெயில், ரயில் என்று எழுதிப்போடுவார். ஒவ்வொரு வரியும் அதில் ஒன்றோடு முடிய வேண்டும். எனக்கு அதில் வெயில் மட்டும்தான் பழக்கம். வெயிலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் அம்மாவை, ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோலுரிந்த அவள் விரல்களை, ஒரே வரியாகச் சிலேட்டில் எழுதி நீட்டினேன்.

"ரயில் எங்கடா?"

"ரயில நான் பாத்ததே இல்ல சார்."

"பாட்டு எழுதறதுக்குப் பாக்கணுமா? முந்திரிக்கொட்டையெல்லாம் யாராச்சும் பாட்டுல வைப்பாங்களாடா?"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தார். பக்கத்துப் பையனின் ரயிலைப் பார்த்து எழுதச் சொன்னார்.

புகை விலகும்வரை அந்த வரியைத் தேடிக்கொண்டே வந்தேன். அம்மாவின் விரல்கள் அப்படியே கண்ணில் நிற்கின்றன. எழுதிய வரிதான் வரவில்லை. மயில், குயில், வெயில், ரயில் மட்டும் கூப்பிடாமலே வரிசையாக வந்து நின்றன, சனியன்கள்.