ஆரோக்கியசாமியின் கூந்தல்

போன வாரம் நெல்லித்தோப்பில் ஒரு சலூனில் உட்கார்ந்திருந்தேன். என் தலையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம், அவ்வளவுதான். ஆனாலும் மாசம் ஒரு தடவை போய் உட்காராவிட்டால் எனக்கு என்னவோ போலிருக்கும். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தபோது தோள் வரைக்கும் முடி வளர்த்த ஒரு பையன் வாசலோடு சைக்கிளில் போனான்.

"பாத்தீங்களா பெரியவரே, ஆம்பளப் பசங்க இப்படிக் கெளம்பிட்டா நான் கடைய மூடிட்டு மீன் விக்கத்தான் போவணும்" என்றார் கடைக்காரர்.

"இது ஒரு முடியாய்யா? இடுப்புக்குக் கீழ முடி வச்சிருந்த ஆம்பளையோட நான் வருஷக்கணக்கா குடும்பமே நடத்தியிருக்கேன்!" என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரல் ஒலிபெருக்கி வராத காலத்துக் குரல். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்றே தொண்டை பழகிவிட்டது. மகள் கூட "அப்பா, உப்பு வேணும்னா கேளுங்க, எதுக்கு ஊருக்கே சொல்றீங்க" என்பாள்.

கடைக்காரர் பிடரியில் பவுடரைத் தட்டினார். அந்த வாசனைதான் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு நாடகக் கம்பெனியில் நான் ராஜபார்ட். அதாவது ராஜா வேஷமெல்லாம் எனக்கு. நல்ல ராஜாவும் நான்தான், பெண்டாட்டியைக் காட்டுக்குத் துரத்துகிற கொடுங்கோல் ராஜாவும் நான்தான். எங்கள் கம்பெனியில் பெண்கள் நடிப்பதில்லை. ராணி வேஷம் ஆரோக்கியசாமிக்கு. கோவிலுக்குத் தவறாமல் பூசைக்குப் போகிற கிறிஸ்தவன், குங்குமம் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தால் பெண்களே கண் வைப்பார்கள். மற்ற கம்பெனிகளில் ராணிகள் டோப்பா வைத்துக்கொள்வார்கள். எங்கள் ராணிக்கு எல்லாம் சொந்த முடி. நோட்டீசிலேயே "சொந்தக் கூந்தலுடன் தோன்றுவார்" என்று போடுவார் முதலாளி. என் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

ஊர் ஊராகப் போகிற பிழைப்பு. சுருட்டிய படுதாக்கள், தகரப் பெட்டிகள், ஆர்மோனியம், சமையல்காரரின் செம்பு அண்டா, நடுவில் நாங்கள். ரயிலில் ஏறினால் டிக்கெட் பரிசோதகர் ஆரோக்கியசாமியின் பின்னலைப் பார்த்துவிட்டு, "லேடீஸ் வண்டி அந்தப் பக்கம்மா" என்பார். இவனும் மறுபேச்சுப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போய் அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வான். நாங்கள் இங்கே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வருவோம். ஊர் வந்து இறங்கியதும், "என்னண்ணே, காலு வலிக்குதா?" என்று ஒரு கேள்வி வேறு.

புதுச்சேரிக்கு வந்தபோது எல்லையில் பிரெஞ்சு சுங்கக்காரர்கள் பெட்டியெல்லாம் திறந்து பார்த்தார்கள். கிரீடம், அட்டைக் கவசம், மரக் கத்தி. ஒருவர் என் கத்தியை உருவிப் பார்த்து, ஜிகினாத்தாள் கையில் ஒட்டிக்கொண்டதும் சிரித்துவிட்டார். சண்டை போடவா வந்திருக்கிறார்கள், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நெல்லித்தோப்பில் தகரக் கொட்டகை போட்டோம். பக்கத்திலேயே ஒரு பழைய வீடு வாடகைக்கு. ஒரே கூடத்தில் ராஜா, மந்திரி, ராட்சசன், பபூன் எல்லோரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். கம்பெனி ஆட்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். ஆரோக்கியசாமிக்கு மட்டும் தகராறு. ஆம்பளைக்குச் சனி, பொம்பளைக்கு வெள்ளி, இவன் எந்தக் கணக்கு? கடைசியில் மேக்கப் போடுகிற காசி அண்ணன் பஞ்சாயத்து பண்ணினார்: "உடம்புக்குச் சனிக்கிழம, தலைக்கு வெள்ளிக்கிழம. போய் சீயக்காய அரைடா."

அந்த வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்குதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு கிணற்றடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"அக்கா, என்ன எண்ண தேய்க்கிறீங்க? இம்மாம் முடி!"

இவன் திரும்பாமலே மேடைக் குரலில், "தேங்கா எண்ணதாம்மா. கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சணும்" என்றான்.

எவ்வளவு நேரம் காய்ச்சணும், செம்பருத்தி போடலாமா என்று பேச்சு வளர்ந்தது. பிறகு இவன் தண்ணீர் சேந்த எழுந்தான். துண்டு நழுவியது. அந்தப் பெண் "ஐயோ மாதாவே!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவளே வந்து சுவரில் முகத்தை வைத்து, "என்னக்கா, இன்னைக்குத் தலைக்கு ஊத்தலியா?" என்றாள். பிலோமினா என்று பெயர். அப்புறம் வெள்ளிக்கிழமை மட்டும் போதவில்லை அவர்களுக்கு.

பிலோமினாவின் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டுத் திரும்பிய சொல்தா. தொப்பி, கைத்தடி, முறுக்கிய மீசை. தெருவில் எல்லோரும் ஐயா என்பதற்குப் பதில் முசே என்பார்கள். நானும் முசே என்பேன். மேடையில் ராஜாவாக இருந்தாலும் அவர் மீசைக்கு முன்னால் என் மீசை வெறும் பசை வைத்து ஒட்டியதுதானே. பெண் அம்மாவிடம் சொல்லி, அம்மா அவரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாப்பிள்ளை பார்க்க வருவதாக ஆள் அனுப்பினார்.

எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஆரோக்கியசாமிக்கு அப்பா அம்மா கிடையாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவன் நான்தான். அவன் முடியைச் சுருட்டி உள்ளே வைத்து மந்திரியின் தலைப்பாகையைக் கட்டினோம். போலீஸ்காரன் வேஷத்துக் கோட்டைப் போட்டுவிட்டோம். "நிமிந்து நட, நெஞ்ச நிமித்து, சத்தமாப் பேசு" என்று காலையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் நடந்தான்.

முசே வந்து உட்கார்ந்தார். பிலோமினா சுவருக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. "மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றார் அவர்.

இங்கேதான் எங்கள் புத்தி எங்களைக் கவிழ்த்தது. நாங்கள் போடுகிற நாடகங்களில் பெண் பார்க்கும் காட்சி இல்லாத நாடகம் கிடையாது. உள்ளே சமையல்காரர் பழக்கத்தில் காப்பித் தட்டை ஆரோக்கியசாமி கையில் கொடுத்துவிட்டார். தட்டு கைக்கு வந்ததும் அவன் தலை தானாகக் குனிந்தது. நடை சின்னதாகிவிட்டது. மூலையில் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், இவன் வருகிற நடையைப் பார்த்ததும் தன்னையறியாமல் ராணி வருகிற மெட்டைப் போட்டுவிட்டார். ஆரோக்கியசாமி தட்டை வைத்துவிட்டு, கதவோரம் ஒதுங்கி, கால் கட்டைவிரலால் தரையில் கோலம் போட்டுக்கொண்டு நின்றான். சரி, நான் பெரியவன், நிலைமையைச் சமாளித்தேனா? எழுந்து, கையை நீட்டி, வீடே அதிர, "பெண்ணே! நாணம் ஏன்? நிமிர்ந்து பார்!" என்றேன்.

அவன் முசேயின் முன்னால் வந்து குனிந்து கும்பிட்டான். தலைப்பாகை கழன்று உருண்டது. முடி மொத்தமும் சரிந்து முசேயின் காப்பியில் விழுந்தது.

சுவருக்கு அப்பால் பிலோமினா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் அப்பா சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நான் மாப்பிள்ள பாக்க வந்தேன். நீங்க பொண்ணக் காட்டுறீங்க. எங்க வூட்ல ஏற்கெனவே ஒரு பொண்ணு இருக்கு, எனக்கு இன்னொண்ணு வேணாம்." வாசலில் நின்று ஆரோக்கியசாமியைப் பார்த்தார். "முடிய வெட்டிட்டு வா, பேசலாம். இல்லாங்காட்டி அந்தச் செவுத்துப் பக்கம் உன் தல தெரியக் கூடாது."

முதலாளி விஷயம் கேள்விப்பட்டுக் குதித்தார். "வெட்டினா அப்படியே மூட்டையக் கட்டிடு! கிராப்பு வச்ச ராணிய எவன்டா பாக்க வருவான்?"

யோசித்துப் பாருங்கள். முடியை வைத்துக்கொண்டால் பெண் இல்லை. வெட்டினால் வேஷம் இல்லை. வேஷத்தைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே இதுதான் வீடு. "நான் என்னண்ணே பண்ணட்டும்?" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் காதலைப் பற்றியும் கடமையைப் பற்றியும் வசனம் போல நீளமாகப் பேசினேன். திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டிருந்தான், பாவம்.

மறுநாள் நாடகம் இல்லை. காலையில் போனவன் மத்தியானம் கிராப்புத் தலையோடு வந்தான். பின்னலைப் பின்னியபடியே வெட்டி, துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். பிடரி வெளுத்துப்போய் அவன் யாரோ மாதிரி இருந்தான். காசி அண்ணன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூலை எடுத்து அவன் தலையை அளந்தார். "உன் முடியிலயே உனக்கு டோப்பா கட்டித் தரேன்டா. முதலாளி அப்பறமும் கத்தினா நான் பாத்துக்கறேன்."

பிலோமினா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தோம். சுவருக்கு மேலே அவள் முகம் வந்தது. அவன் தலையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாரக் கேட்டு வெட்டின? நான் சொன்னேனா? அப்பாகிட்ட நான் சண்ட போட்டுக்கினு இருக்கேன், அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க அது?" என்றாள். டோப்பா கட்டப்போவதைச் சொல்லி, அவன் பின்னலைச் சுவருக்கு மேலே நீட்டினான். வாங்கிக் கையில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "டோப்பா கட்டிக்கோங்க. ஆனா வெள்ளிக்கெழமையானா அது எங்கிட்ட வந்துடணும். எண்ண நான்தான் வைப்பேன்."

டோப்பா தயாரானது. முதலாளி ஒரே ஒரு நாடகம் பார்க்கிறேன் என்றார். "ஜனங்க கண்டுபிடிச்சிட்டாங்கன்னா அத்தோட சரி." அன்றைக்கென்று முசேயும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நாடகத்தில் நான் ராணியின் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கும் காட்சி உண்டு. சொந்த முடி இருந்தவரை நிஜமாகவே பிடித்து இழுப்பேன். இப்போது இழுத்தால் கையோடு வந்துவிடும். வந்தால் அவன் பிழைப்பு முடிந்தது. ராணி என் காலடியில் விழுந்து, "அண்ணே, பாத்துண்ணே" என்று முணுமுணுத்தாள். டோப்பாவைத் தொடாமல் அதை ஒட்டிக் காற்றை இறுகப் பிடித்து இழுத்தேன். அதற்கேற்றபடி அவன் தலையை அப்படி ஒடித்துக்கொண்டு அலறினானே, அடடா! அது ஒரு நடிப்பு.

வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்கள் எப்போதும்போல மண்ணை வாரித் தூற்றினார்கள். "அட பாவி, உன் கையி வெளங்குமா!" அதைவிடப் பெரிய சத்தம் முதல் வரிசையிலிருந்து வந்தது. முசே தொப்பி கீழே விழுந்தது தெரியாமல் எழுந்து, கைத்தடியை என்னைப் பார்த்து ஆட்டி, "அரெத்தே! அரெத்தே! வுடுடா அந்தப் பொண்ண!" என்று கத்தினார். அரெத்தே என்றால் நிறுத்து என்று அர்த்தமாம். முதலாளி பக்கத் தட்டி ஓரமாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்டுபிடிக்காதது மட்டுமா, முடியை வெட்டச் சொன்ன முசேயே அதை மறந்துபோனாரே! அதற்குப் பிறகு வேஷத்துக்கும் தடை இல்லை, கல்யாணத்துக்கும் தடை இல்லை. கோவிலில் மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் நிமிர்ந்து நடந்தபோது நான்தான் அழுதேன். என் மனைவிக்கல்லவா கல்யாணம்.

பிறகு பேசும் படம் ஊர் ஊராகப் பரவியது. தகரக் கொட்டகைகளில் வெள்ளைத் திரையைக் கட்டினார்கள். எங்கள் படுதாக்கள் எந்தப் பந்தலுக்குப் போயின, கிரீடத்தை யார் எடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. ஆரோக்கியசாமி மில்லில் வேலைக்குப் போனான். கம்பெனி கலைந்தபோது அவன் எடுத்துக்கொண்டது டோப்பாவை மட்டும். எப்போது அவன் வீட்டுக்குப் போனாலும் வெள்ளிக்கிழமையென்றால் பிலோமினா அதை மடியில் போட்டு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருப்பாள். இவன் பக்கத்தில் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்து, "மெதுவா சீவு, வலிக்குது" என்பான்.

அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் டோப்பாவைப் பிரித்துச் சவுரியாக முடைந்து தன் கொண்டைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளைத் தலையில் கொண்டை மட்டும் கறுப்பு, ஓரங்களில் லேசாகச் செம்பட்டை. தெருப் பெண்கள் கேலி செய்தால், "எங்க வூட்டுக்காரர் முடி, நான் ஏன் வச்சுக்கக் கூடாது?" என்பாளாம்.

போன மழைக்காலத்தில் பிலோமினாவும் போய்விட்டாள். பெட்டியை மூடுவதற்கு முன் அவள் மகள் என்னிடம் வந்து, "மாமா, அம்மா கொண்டையில சவுரி இருக்கு, எடுத்துடலாமா?" என்று கேட்டாள். வாழ்நாளெல்லாம் சத்தமாகவே பேசியவனுக்கு அன்றைக்குக் குரலே வரவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்லறையில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். நான் பிலோமினாவுக்கு ஒரு பிடி போட்டேன். அவள் கொண்டைக்குள் இருந்த என் ராணிக்கு இன்னொரு பிடி போட்டேன்.