என் இதயத்துக்காகச் சண்டை போட்ட கன்னியம்மா அத்தை

வகுப்பில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீன் ஏலம் நடக்கும் இடத்திலிருந்து பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா பேசினார். "சுமதி, அத்தே இறால் கூடையத் தூக்கினு வந்தாங்க. கீழ வச்சாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்கம்மா." நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். என் இதயத்தைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிய என் மாமியார் கன்னியம்மா, தன் நெஞ்சு வலித்ததை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கோட்டைக்குப்பத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. ஏலத்தில் விலை ஏற்றுபவர்கள், படகை அவர் வழியில் இழுத்துப் போட்டவர்கள், குழம்பில் புளியைக் குறைத்த நான், எல்லோரும் வாங்கியிருக்கிறோம். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

எனக்கு ஊர் ஆரம்பாக்கம். பதினாறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, சென்னையில் நெடுநாள் சிகிச்சை பெற்றுக் குணமானவள் நான். அதைக் கேள்விப்பட்டதும் திரும்பிப் போன மாப்பிள்ளை வீடுகள் சில உண்டு. அத்தை பெண் பார்க்க வந்த அன்று, சொல்ல வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் தடுத்தும் என் அப்பா சொல்லிவிட்டார். அத்தை உடனே காப்பி டம்ளருக்குக் கையை நீட்டினார். "நோயி வந்துச்சு, போச்சு. முள்ளு கீதுன்னு மீனத் துன்னாம வுட்டுருவமா? காப்பி ஆறுது, குடும்மா."

கல்யாணமாகி இரண்டாம் வருடம் கர்ப்பமானேன். அத்தை தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். முதல் பரிசோதனைக்குப் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள், கதவருகில் நின்றிருந்த அத்தை உள்ளே குரல் கொடுத்தார். "டாக்டரம்மா, இவளுக்குச் சின்ன வயசுல ரத்தத்துல புத்துநோயி வந்து மருந்து ஏத்திக்கீறாங்க. அத மொதல்ல எழுதிக்குங்க." வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன மருந்து என்று கேட்டார். பெயர் நினைவில்லை, சிவப்பாக இருக்கும், ஏற்றினால் சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும் என்றேன். அன்றே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

பதினாறு வயதில் என் உயிரைக் காப்பாற்றிய மருந்து இதயத் தசையைத் தளர்த்தியிருந்தது எக்கோவில் தெரிந்தது. சாதாரண நாட்களுக்கு அந்த இதயம் போதும். பிள்ளையைச் சுமக்கும்போது இதயம் அதிகம் உழைக்க வேண்டும், கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் ஆபத்து கூடலாம் என்றார் சென்னை டாக்டர். இதய டாக்டரும் சேர்ந்து கவனித்தால் தொடர முடியும், வேண்டாம் என்றாலும் சரிதான், முடிவு உங்களுடையது என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை பேசவே இல்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். ஊர் நெருங்கியபோது சொன்னார்: "எனக்குப் பேரப்புள்ள ஆசை கீது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆசையே நீ வூட்டுக்கு வந்தப்புறம் வந்ததுதான். நீதான் மொதல்ல. யோசிச்சிச் சொல்லு."

பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். "சரி. அப்ப டாக்டரு இன்னா சொன்னாலும் கேக்கணும்," என்றார்.

உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அத்தை வீட்டில் கருவாட்டையே நிறுத்தினார். என் எதிரில் தின்றால் எனக்கு ஆசை வருமாம். கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காத மனுஷி அவர். காலையில் எழுந்ததும் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, வீக்கத்தில் குழி விழுகிறதா என்று பார்ப்பார். அந்த விரலின் சொரசொரப்பு எனக்கு இன்னும் தெரிகிறது.

எட்டாம் மாதம் ஒரு விடியற்காலையில், படுக்க முடியாமல் நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போன அத்தை குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தார். "படுத்தா மூச்சு வாங்குதா? கெளம்பு." வண்டி பிடித்துச் சென்னைக்குப் போனோம். அன்றே அறுவை செய்து என் மகள் யாழினியை எடுத்தார்கள். அவள் ஒரு வார்டில், நான் தீவிர சிகிச்சையில். என் கணவர் தேசப்பன் இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே வந்து என் காதருகில், அவருக்குத் தெரிந்த அளவுக்கு மெதுவாகச் சொன்னார்: "கொழந்த நல்லா கீது. நீ மூச்ச வுட்டா போதும்."

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், இன்னொரு கர்ப்பத்தை இந்த இதயம் தாங்காது என்றார். எனக்கு மறுபடியும் ஆபரேஷன் வேண்டாம், கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்வதுதான் சுலபம் என்றும் சொன்னார். தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "ஊர்ல சிரிப்பாங்கம்மா. வலை இழுக்கத் தெம்பு போயிடும்னு சொல்றாங்க."

ஆட்கள் நிறைந்த நடையில் நின்று அத்தை மகனைக் கேட்டார்: "ஏன் நைனா, வலையக் கையாலதான இழுக்கற?"

நர்ஸ் முதற்கொண்டு சிரித்துவிட்டார்கள். கடைசியில் தேசப்பனும் சிரித்தார். செய்துகொண்டார். கொஞ்ச நாளில் வழக்கம்போல் வலை இழுக்கவும் போனார். ஏலத்தில் ஒருவர் ஜாடை பேசியபோது அத்தை கூடையை இறக்கி வைத்தார். "ஆமா, எம் புள்ள பண்ணிக்கினான். இன்னா இப்போ? அவன் பொண்டாட்டி உசுரோட கீறா." அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தேசப்பனைத் தனியே அழைத்து, வலித்ததா என்று விசாரித்தார்கள்.

ஒவ்வொரு வருடமும் எக்கோ எடுக்க அத்தைதான் கூட வருவார். ரிப்போர்ட் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டு, முன்பின் தெரியாத பெண்களிடம் என் கதையைச் சொல்லுவார். "பழைய நோயி இருந்தா மறைக்காம சொல்லுங்கம்மா, புள்ள உண்டாவறதுக்கு முன்னாலயே கேட்டுக்குங்க," என்று முடிப்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அடுத்த எக்கோவுக்கு அந்த வாசலில் நான் அவர் இல்லாமல்தான் நிற்க வேண்டும்.

சாவு வீட்டில் தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஒரு பேரன் மொகத்தப் பாக்காமலே போயிட்டாளே!" ஏழு வயது யாழினி என் மடியில் இருந்தாள். அந்த வீட்டில் நான் உரக்கப் பேசியதே இல்லை. "இன்னொன்னு பெத்திருந்தா நான் இருந்திருக்க மாட்டேன், சின்னம்மா. வேணாம்னு பிடிவாதமா நின்னதே அத்தைதான்," என்றேன். பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

அத்தையின் பாத்திரங்களையும் புடவைகளையும் நாத்தனார்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். அவருடைய அந்தச் சத்தத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.