ஆள் தேவை டீச்சர்

அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சர் உண்டு, அறிவியல் டீச்சர் உண்டு. இவருக்கு மட்டும் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஆள் தேவை டீச்சர்'. பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று வழி சொல்வது அவர் வேலை. சனிக்கிழமையானால் போதும், பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுவார். எந்தப் பட்டறை வாசலில் 'ஆள் தேவை' பலகை தொங்குகிறதோ, அங்கே வண்டி நிற்கும். "எனக்கில்லீங்க, எம் பிள்ளைங்களுக்கு" என்று உள்ளே நுழைந்து, என்ன தெரிந்த ஆள் வேண்டும் என்று குடைந்து எடுத்துவிடுவார். ஊரில் இல்லாத வேலைக்குப் படித்துவிட்டு வீட்டில் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதா, என்ன கொடுமை அது!

அந்த வருஷம் மீன்காரம்மாவின் மகளுக்குக் குளிர்பதன மெக்கானிக் படிப்பில் இடம் வாங்கிக் கொடுத்தார். மிக்ஸியோ மின்விசிறியோ, கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்கும் பெண் அவள். "படிச்சு முடிச்சா கோல்டு ஸ்டோரேஜுல வேலைங்க" என்றார் டீச்சர். மீன்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல். உடனே தலையாட்டிவிட்டாள்.

படிப்பில் சேர ஒரு நாள்தான் பாக்கி. காலையிலேயே கூடையும் கையுமாகப் பள்ளியில் வந்து நின்றாள்.

"எம்மகளை அனுப்ப மாட்டேன். நகைக் கடைன்னு நெனச்சுல்ல சரின்னேன்! நேத்துதான் இவ சொல்றா, மெக்கானிக் படிப்பாமே?"

"நகைக் கடையா? யாரு சொன்னா?"

"நீங்கதான். கோல்டுன்னா தங்கம்தானே? அதுகூடத் தெரியாத முட்டாளா நான்?"

வாசலில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஐயோ அம்மா, அது கோல்டு இல்ல, கோல்டு!"

எப்படிச் சொன்னாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழுந்தன. "குளிருங்க, குளிர். மீன் கெடாம வைக்கிற பெரிய ரூம்."

"ஐஸ் ரூமா?" மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்தாள். "மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கே, அதா? அடிக்கடி படுத்துக்குமே, அந்தப் பாழாப்போன மிஷினா?"

"அதேதான். ரிப்பேருக்கு வெளியூர்லேருந்துதான் ஆள் வரணும்."

"அவன் ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள எம் மீனெல்லாம் நாறிடுது!" சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியது. "இவ சரி பண்ணிடுவாளா?"

"படிச்சா பண்ணுவா."

"அதை மொதல்லயே ஐஸ் ரூமுன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன!"

அன்றிலிருந்து டீச்சர் எந்த வேலையையும் பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லும் பெயரிலேயே சொல்கிறார். அந்தத் திட்டுக்கு மீன்காரம்மாவுக்கு மனசார நன்றி சொல்லிக்கொள்வார்.

இப்போது அந்த ஐஸ் ரூமுக்கு மகள்தான் மெக்கானிக். மார்க்கெட்டில் டீச்சரின் தலை தெரிந்தால் போதும், மீன்காரம்மா ஈரக் கையோடு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். கோல்டுன்னா தங்கம்தான்னு நான் அன்னிக்கே சொல்லல?"