மாமி எடுக்கிற மணி

காது ஒன்று, வாய் ஒன்று, இலக்கம் இரண்டு. அது என்ன?

வெளிநாட்டில் ஆளுள்ள வீட்டுக்காரர்கள் உடனே சொல்லிவிடுவீர்கள்: வீட்டுப் போன். கல்முனைக்குடியில் இணையப் போன் பூட்டிக் கொடுப்பது என் தொழில். ஒரு போனில் எத்தனை கணக்கையும் ஏற்றித் தருவேன். மணி அடித்தால் யார் எடுப்பது என்பதுதான் என் கையில் இல்லை.

இரண்டு மணி

சுபைதா சாச்சியின் மகன் லண்டனில், மருமகன் கட்டாரில். வீட்டோடு கதைக்க ஆளுக்கொரு இணையக் கணக்கும் தனி இலக்கமும் எடுத்திருந்தார்கள். வீட்டிலோ ஒரே போன். சின்னப் பெட்டியொன்றில் இரண்டையும் ஏற்றி, போனை அதில் செருகினேன். சாச்சிக்குத் திருப்தியில்லை. நம் பக்கத்தில் மாமியார் மருமகனோடு நேரே கதைப்பதில்லை, அவர் கொடுத்த வீட்டிலேயே மருமகன் குடியிருந்தாலும்.

ஆகவே மகனுக்கு நீள மணி, மருமகனுக்குக் கட்டை மணி வைத்தேன். சாச்சி இரண்டையும் அடித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். “கட்ட மணி அடிச்சா நான் குசினிக்குப் போயிருவன் தம்பி” என்று அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

என் பிழை

இடிமின்னலில் அந்தப் பெட்டி கருகியது. புதியதில் நான் கணக்குகளை இடம் மாற்றி ஏற்றிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீள மணி அடித்தது. சாச்சி எடுத்தார். மகன்தான் என்று நினைத்து, சலாம் சொன்ன மூச்சிலேயே மருமகனைப் பற்றி முறையிடத் தொடங்கினார். பேத்தி ஹானாவுக்கு ஐந்து வயதாகிறது. கைக்குழந்தையில் விட்டுப்போன மனிதர். அவர் இருக்கும் இடத்திலிருந்து வீடியோவும் எடுபடாது. பிள்ளைக்கு வாப்பா என்றால் போனுக்குள் ஒரு குரல். இந்த அழகில் இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாராம். நீயாவது உன் மச்சானுக்குச் சொல்லு என்றார்.

மறுபக்கத்திலிருந்து வந்தது மருமகனின் குரல்: “ஓம் மாமி. வாறன்.”

கட்டார்க் கணக்கு

அடுத்த மாதமே வந்துவிட்டார், திரும்பிப் போவதில்லை என்று. கட்டார்க் கணக்கை நீக்க என்னைக் கூப்பிட்டார்கள். வந்து மூன்று நாளாகியும் ஹானா அவரிடம் அண்டவில்லை. உம்மாவின் பின்னால் ஒளிந்தாள். சாச்சி கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றார்.

நீக்குமுன் அந்தக் கணக்குக்கு ஒருதரம் அழைப்பு எடுத்துப் பார்க்கட்டுமா என்று மருமகன் கேட்டார். வாசல் விறாந்தையில் நின்று, கைபேசியில் அந்த இலக்கத்தை அழுத்திவிட்டு, மகளை நோக்கி மற்றக் கையை நீட்டினார். உள்ளே போன் அடித்தது. ஹானா கையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். போய்ப் போனை எடுத்தாள். “வாப்பா, கெதியா வாங்க. இஞ்ச ஆரோ ஒராள் வந்து நிக்காரு.”

கட்டார்க் கணக்கு இன்னும் அந்தப் போனில் இருக்கிறது, அழைப்பு மட்டும் விறாந்தையிலிருந்து வருகிறது.