கேபிள்காரரின் குட்டித் திரை

என் அக்கா வீட்டுக்காரரைக் கேபிள்காரர் என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். வீடு வீடாகப் போய் டிவிக்கு இணைப்பு கொடுப்பவர், பழுது பார்ப்பவர். யார் போன் செய்து என்ன குறை சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, நல்லா ஆறட்டும், அப்புறம் போடுங்க." பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். அதனால் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார். நாலாவதைத் தொட்டுக் காட்டினால் அது வால் என்பார்.

அக்கா ஆசையாக வளர்த்த கருப்புக் கோழியை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அது அடைகாத்த ஏழு முட்டைகள்தான் மிச்சம். அக்கா அழுத அழுகையில் மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. உடனே ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி முட்டைகளை வைத்தார். அதில் அவரைக் குறை சொல்லமாட்டேன். தினமும் காலையில் அக்கா ஒவ்வொரு முட்டைக்கும் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பாள். சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு கரும்புள்ளி துள்ளும். "பாருடா, உதைக்குது!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

தொல்லை என்னவென்றால், சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறக்க வேண்டும்; திறந்தால் இருக்கிற சூடும் போய்விடும். அக்காவோ திறந்து திறந்து பார்ப்பாள். அதற்காக மாமா சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும், தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு திரையும் வாங்கி வந்தார். சூட்டை அளக்கும் சென்சார் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்; இனி உள்ளே இருக்கும் சூட்டை வெளியிலிருந்தே படித்துக்கொள்ளலாமாம்.

ஞாயிற்றுக்கிழமையும் அக்காவுக்கு லாண்டரியில் வேலை. விடாத மழையில் வீடே சில்லிட்டிருந்தது. "நீ வர்றதுக்குள்ள ஓட வச்சிடுறேன். அதுவரைக்கும் யாரும் மூடியைத் தொடக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார் மாமா.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்ததுதான் தப்பு. "மாப்ளே, இதைக் கொஞ்சம் பிடி" என்றவர் என்னைச் சாயங்காலம் வரை விடவில்லை. நாலே நாலு ஒயர். சொருகினோம், திரை கருப்பு. பார்த்தால் இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தது. மாற்றிச் சொருகினோம், அப்போதும் கருப்பு. திரையோடு பேசும் வழியைக் கம்ப்யூட்டரின் செட்டிங்கில் திறந்துவிட வேண்டுமாம். அதையும் செய்தோம். இந்தத் தடவை திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொசு மாதிரி மொய்த்தன.

மாமாவின் முகம் மலர்ந்தது. "இது நம்ம ஏரியா மாப்ளே! லூஸ் கனெக்ஷன். எத்தனை டிவியில பார்த்திருக்கேன்!"

ஒயரை அழுத்தினார், ஊதினார், துடைத்தார். பிறகு தன் மருந்தை ஆரம்பித்தார். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சை அணைப்பது, டீ குடித்துக்கொண்டே ஆறவிடுவது, திரும்பப் போடுவது. அதே புள்ளிகள். மறுபடியும் அணைப்பது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தத் திரையைத் தூக்கி மழையில் வீசியிருப்பேன்.

"ஒயர்ல ஒண்ணும் இல்ல மாமா. புரோகிராமைப் பாருங்க."

"நீ டிவி பார்க்கிறவன், நான் டிவியை ரிப்பேர் பார்க்கிறவன். சும்மா இரு."

கடைசியில் சுவிட்சை அணைத்துவிட்டு, "இந்தத் தடவை நல்லா ஆறட்டும்" என்று சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். நான் கடுப்போடு, திரையை விற்றவர்களின் பக்கத்தைப் போனில் தேடிப் படித்தேன். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும் இந்தத் திரைக்குள் இருக்கும் சிப் வேறு வகை. புரோகிராமில் ஒரு பெயரை மாற்றினால் போதும். இதற்கா ஒரு பகல் போனது! மாமாவை எழுப்பி மாற்ற வைத்தேன். பளிச்சென்று எண் வந்தது: 24.

சரியாக அப்போது அக்கா ஈரக் குடையோடு உள்ளே வந்தாள்.

"வந்துடுச்சு பாரு!" என்று குதித்தார் மாமா.

"இருபத்தி நாலா? முப்பத்தேழரை இல்ல இருக்கணும்?"

"புதுசு இல்லையா, தப்பா காட்டுதோ என்னவோ."

அக்கா பெட்டியிலிருந்து வரும் பல்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போய் முடிந்தது. கம்ப்யூட்டருக்கும் பல்புக்கும் ஒரே சுவிட்ச்.

"எவ்வளவு நேரம் அணைச்சு வச்சிருந்தீங்க?"

மூடிய பெட்டிக்குள் பல்பு அணைந்ததை நாங்கள் எங்கே பார்த்தோம்?

அக்கா ஏழு முட்டைகளையும் எடுத்துத் துண்டில் சுற்றி, வயிற்றோடு அணைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் டார்ச்சை எடுத்தாள். முதல் முட்டையில் புள்ளி அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மாமா அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலிப் பெட்டியில் சூடு ஏறிக்கொண்டிருந்தது. ஏழாவது முட்டையை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முப்பத்தேழரை வந்துடுச்சு" என்றார் மாமா, கெஞ்சுகிற குரலில்.

அக்கா டார்ச்சை அணைத்தாள்.

"யாருக்குங்க?" என்றாள்.