மூடாத முகம்

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. நடந்தது என் நாத்தனாருக்கு. மனித உடற்கூறு சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். பிணங்களுக்கு நடுவே நின்று படித்தவள், எளிதில் பயப்படுகிற ஆளே இல்லை.

உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படிக்கிற பாகத்தை மட்டும் திறப்பார்கள். முகத்தை ஈரத் துணியால் மூடிவிடுவார்கள். இப்போது பாடமெல்லாம் ஆன்லைனில். திரையில் ஒரு பெண்ணின் உடல். யாரோ ஒரு அம்மா தானமாகக் கொடுத்த உடம்பை ஸ்கேன் செய்து உருவாக்கியது. மவுஸால் தொட்டால் தோல் விலகும், தசை விலகும். திரைக்குப் போய் யார் துணி போடுவார்கள்?

அன்றைய வகுப்பைப் பார்க்கத் துறைத் தலைவரும் ஆன்லைனில் வந்திருந்தார். அவர் மனது வைத்தால்தான் அவள் வேலை நிரந்தரமாகும். பிள்ளைகளோ தூங்கி வழிந்தார்கள். வேறு வழியில்லாமல், திரையில் வரைகிற பேனாவை அவர்களிடமே கொடுத்தாள்.

"கழுத்து நரம்பு எங்கேன்னு காட்டுங்க பார்க்கலாம்."

ஒருவன் முகத்தில் மீசை வரைந்தான். இன்னொருத்தி கண்ணாடி மாட்டிவிட்டாள்.

"ஆன்ட்டி, ஸ்மைல் ப்ளீஸ்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தலைவர் சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, திருப்தியாக வகுப்பைவிட்டு வெளியேறினார்.

அப்போதுதான் திரையில் இருந்த முகம் லேசாகத் திரும்பியது.

மவுஸ் பட்டிருக்கும் என்று நேராக்கினாள். மறுபடி திரும்பியது. உடம்பு அசையவில்லை... கழுத்து மட்டும்.

"யாருப்பா திருப்புறது?"

"எங்களால முடியாது மேடம். கண்ட்ரோல் உங்ககிட்டதான இருக்கு."

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

விலக்கி வைத்த தோல் தானாக மூடிக்கொண்டு வந்தது. வயிறு... நெஞ்சு... கழுத்து...

ஹெட்போனில் ஒரு சத்தம். படக்... ஈரத் துணியை உதறுகிற சத்தம்.

வலது கை எழுந்தது.

மெதுவாக...

முகத்தை மூடிக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை.

அவள் வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

அந்த வாரமே வேலை நிரந்தரமானது. வகுப்பு கலகலப்பாக இருந்ததாம், தலைவர் பாராட்டினார். அதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மனசு கேட்காமல் அந்த மென்பொருளை உருவாக்கியவருக்குப் போன் போட்டாள்.

"கை, கழுத்து தனியா அசையற மாதிரி நாங்க செய்யவே இல்லீங்களே," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உடம்பைக் குடுக்கும்போது அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க மேடம். எதை வேணா திறந்து பாருங்க, முகத்தை மட்டும் மூடி வைங்கன்னு. நாங்கதான்... முகம் இருந்தா நல்லா இருக்கும்னு விட்டுட்டோம்."

இதை என்னிடம் சொன்னபோது அவள் தலை நிமிரவில்லை.

"பயமா இல்ல அண்ணி. அவங்க வேண்டாம்னு சொன்ன முகத்தைப் பார்த்து நானும் சிரிச்சேனே..."

சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டாள்.